காலி அறையில் ஒரு முகவரி

பாக்யாவைக் கொன்றது ஒரு தூக்கம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். போலீஸ் ஒப்புக்கொண்டது. கம்பெனி ஒப்புக்கொண்டது. அந்தத் தூக்கத்துக்குக் காரணம் என்று விரல் நீட்டப்பட்ட பெண்ணே ஒப்புக்கொண்டாள். நான் பெங்களூர் சிக்பேட்டையில் பட்டுச்சேலை மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவன். வாங்குகிறவன், விற்கிறவன், தரகன் மூன்று பேரும் முதல் பேச்சிலேயே ஒரே விலைக்குத் தலையாட்டினால் எங்கள் வீட்டில் உடனே சேலையைப் புரட்டி மறுபக்கம் பார்ப்பார்கள்.

அன்று காலை நாங்கள் புரட்டக் கிளம்பினோம். நாங்கள் என்றால் மந்தாகினி தேஷ்பாண்டேயும் கோதண்டராம ஷெட்டி என்கிற நானும். மேடம் தார்வாட்காரர். க்ரைம் பிராஞ்சில் மேலதிகாரி ஒருவருடைய பொய்யில் கையெழுத்துப் போட மறுத்து வேலையை விட்டவர். இப்போது பசவனகுடியில் பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் துப்பறியும் ஆபீஸ். கீழே அவர் பல்லைப் பிடுங்குமுன் மரத்துப்போக ஊசி போடுகிறார், மேலே உண்மையைப் பிடுங்க நாங்கள் போடுவதில்லை.

வழக்கு இதுதான். ‘சஞ்சீவ வாகினி’ என்று ஒரு கம்பெனி. போனில் ஒரு சிவப்புப் பட்டனை அழுத்தினால் பக்கத்திலிருக்கும் ஆம்புலன்ஸைத் தேடி வீட்டுக்கு அனுப்பும். ஊரின் ஒரு கோடியில் இருக்கும் லக்கெரெயில் ருத்ரேஷ் என்கிற லேத் தொழிலாளி அந்தப் பட்டனை அழுத்தினான். எட்டு மாத கர்ப்பிணியான அவன் மனைவி பாக்யாவுக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. வண்டி வரவில்லை. தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று.

ஏன் வரவில்லை என்பதை அந்தக் கம்பெனியின் தலைமைத் தொழில்நுட்ப நிபுணர் அச்யுத் காமத்தே எங்கள் ஆபீசுக்கு வந்து விளக்கியிருந்தார். கேஸை எங்களிடம் கொடுத்தவரும் அவர்தான். பழக்கூடை ஒன்றையும் கொண்டுவந்திருந்தார்.

“எங்களுக்குன்னு சொந்த சர்வர் கிடையாது மேடம். சர்வர்லெஸ்” என்றார்.

“சர்வர் இல்லாத கடை பெங்களூருக்குப் புதுசா சார்? தெருவுக்கு ரெண்டு தர்ஷினி இருக்கு. டோக்கன் வாங்கி, தட்டை நாமே தூக்கிட்டுப் போய், நின்னுக்கிட்டே காராபாத் சாப்பிடறோம்” என்றேன் நான்.

அவர் பாதி உதட்டில் சிரித்தார். “சர்வர் இருக்கு. எங்களுது இல்லை, அவ்வளவுதான். வாடகைக்கு விடற பெரிய கம்பெனி ஒண்ணு இருக்கு. யாராவது பட்டன் அழுத்தினா, அந்த நொடிக்கு மட்டும் ஒரு அறையை எங்களுக்குத் திறந்துவிடுவாங்க. எங்க புரோகிராம் அதுக்குள்ள எழுந்து, வேலையைப் பார்க்கும். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடலைன்னா தூங்கிடும். அறையைக் கலைச்சுடுவாங்க. அடுத்த ஆள் கூப்பிட்டா புதுசா அறை திறந்து, புதுசா எழுப்பணும். அதுக்கு நேரமாகும். இதைக் குளிர் தொடக்கம்னு சொல்வோம். இந்தத் துறையோட தீராத வியாதி. உலகம் பூரா ஆராய்ச்சி நடக்குது. நானும் பண்ணிட்டிருக்கேன்.”

தூங்காமல் இருக்க அலாரம் மாதிரி ஒரு மணி வைத்திருக்கிறார்களாம். சில நிமிஷத்துக்கு ஒரு தடவை அது சும்மா ஒரு தட்டு தட்டும். புரோகிராம் கண்ணை மூடாமல் கிடக்கும். அந்த மணிக்குப் பொறுப்பு ஸ்பூர்த்தி ஹெக்டே என்கிற பெண். பாக்யா இறந்த அன்று காலை ஏதோ பழுது பார்க்க மணியை நிறுத்தியவள், திரும்பப் போட மறந்துவிட்டாள். புரோகிராம் தூங்கிற்று. ருத்ரேஷின் அழைப்பு வந்தபோது அது எழுந்திருக்கத் தாமதமாகி, அழைப்பு அறுந்துபோனது.

“அந்தப் பொண்ணு மேல குற்றம் இல்லை மேடம். வியாதி மேலதான். அப்படின்னு உங்க பேர்ல ஒரு அறிக்கை வந்தா போலீஸ் விட்டுடும்” என்று காமத் கைகூப்பினார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு நான் கூடையிலிருந்து ஒரு சப்போட்டாவை எடுத்தேன்.

ஆனால் அவர் சொன்ன பெண் தப்பிக்கிற மாதிரி இல்லை. நாங்கள் கிளம்பிய அன்றே மாலை ஐந்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போய், ‘என் அலட்சியத்தால் இரண்டு உயிர் போயிற்று’ என்ற வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுவதாக இருந்தாள். வக்கீல் வேண்டாம் என்றுவிட்டாளாம். எங்களுக்கு இருந்தது அந்த ஐந்து மணி வரைதான்.

லக்கெரெயில் ருத்ரேஷின் வீடு ஒற்றை அறை. ஒரு மூலையில் தையல் மெஷின், அதன்மேல் பாதி தைத்த குழந்தைச் சட்டை. யாரும் அதை எடுக்கவில்லை. மேடம் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தார்.

“பட்டனை அழுத்தினதும் என்னப்பா ஆச்சு?”

“டிங்னு சத்தம் வந்துச்சு மேடம். வண்டி கிளம்பிடுச்சுன்னு எழுத்து வந்துச்சு.”

அழைப்பே அறுந்துபோனதாக அல்லவா காமத் சொன்னார்? நான் நிமிர்ந்தேன். மேடம் கேட்டார்: “எவ்வளவு நேரம் கழிச்சு வந்தது?”

“நேரமா? விரலையே எடுக்கலை மேடம். அழுத்தினேன், டிங்.”

“இதைப் போலீஸ்ல சொன்னியா?”

“சொன்னேன். ‘வண்டி வந்துச்சா இல்லையா, அதைச் சொல்லு’ன்னாங்க. வரலைன்னேன். எழுதிக் கையெழுத்து வாங்கிட்டாங்க.” அவன் போனைத் திறந்து காட்டினான். சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருக்கிறது என்று மட்டும் வந்தது. வேறெதுவும் மிஞ்சவில்லை.

“எதிர்லேயே ஆட்டோ நின்னுச்சு மேடம்” என்றான், கேட்காமலேயே. “டிரைவர் சித்தய்யாதான், தெரிஞ்சவன். ஏத்து அண்ணா, போயிடலாம்னு கத்தினான். நான்தான் வேண்டாம்னேன். வண்டி கிளம்பிடுச்சு, அதுல ஆக்சிஜன் இருக்கும், நர்ஸ் இருப்பாங்கன்னேன். அவ கையைப் பிடிச்சுக்கிட்டு வாசலையே பார்த்துட்டிருந்தேன்.”

தெருவுக்கு வந்ததும் நான், “மேடம், தூங்கறவன் முதல் தட்டுக்கே ‘வந்துட்டேன்’னு குரல் கொடுப்பானா?” என்றேன்.

“கொடுத்தா அவன் தூங்கலை ஷெட்ரே. யாரோ கொஞ்சம் முன்னாடிதான் எழுப்பியிருக்காங்க.”

ஸ்பூர்த்தி ராஜாஜிநகரில் பெண்கள் தங்கும் பிஜி ஒன்றில் இருந்தாள். சிர்சிப் பக்கத்துப் பெண். கண் குழி விழுந்திருந்தது. கட்டில் மேல் இஸ்திரி போட்ட வெள்ளை சுடிதார் மடித்துவைத்திருந்தது, சாயங்காலத்துக்காக. கேட்டதற்கெல்லாம் பாடம் ஒப்பிப்பதுபோல் பதில் சொன்னாள்.

“தூங்கற புரோகிராம் எழுந்து பதில் சொல்ல எவ்வளவு நேரம்மா ஆகும்?”

“எங்களுதுக்குப் பத்துப் பன்னிரண்டு நொடி. ஊரோட வரைபடம் மொத்தத்தையும் ஏத்தணும்.”

“ருத்ரேஷுக்கு விரல் எடுக்கறதுக்குள்ள பதில் வந்திருக்கு.”

“முடியாது மேடம். அவர் இருந்த நிலைமைல நேரம் தெரிஞ்சிருக்காது. மணியை நான் நிறுத்தினேன். நான்தான் மறந்தேன். என்னைக் காப்பாத்தறதுக்கு யாரும் கதை கட்டவேண்டாம்.”

“நான் கதை கட்டறதில்லை. அந்த வேலைக்கு இவரை வெச்சிருக்கேன்” என்று என்னைக் காட்டினார் மேடம். “மணியை நீ நிறுத்தினப்புறம் வேற யாராவது தட்டியிருந்தா?”

“தட்டியிருந்தா முழிச்சுட்டிருந்திருக்கும். முழிச்சிருந்தா அவரோட முகவரியைப் படிச்சு வண்டியை அனுப்பியிருக்கும். வண்டி போகலையே.” தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. அவள் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, வெளியிலிருந்து பூட்டும் போட்டுவிட்டிருந்தாள்.

மேடம் கொஞ்ச நேரம் அந்த வெள்ளை சுடிதாரைப் பார்த்தார். பிறகு சம்பந்தமே இல்லாதது போல ஒன்று கேட்டார். “ஒரு அறை திறப்பாங்க, வேலை முடிஞ்சா கலைப்பாங்கன்னு காமத் சொன்னாரே. நடுவுல அதை யார் பெருக்குவா?”

ஸ்பூர்த்தி முதல்முறையாக மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். “யாரும் பெருக்கமாட்டாங்க. அடுத்த அழைப்பு உடனே வந்துச்சுன்னா அதே அறையையேதான் கொடுப்பாங்க. அதனாலதான் எங்களுக்கு முதல் பாடமே, அறையில எதையும் வெச்சுட்டு வரக்கூடாது. ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோட போகணும், துடைச்சுட்டு வரணும்.”

“வெச்சுட்டு வந்தா?”

“அடுத்த தடவை வேகமா இருக்கும். எல்லாத்தையும் மறுபடி தேட வேண்டாம் இல்லையா. சில பேர் ஆராய்ச்சில அப்படிப் பண்ணிப் பார்க்கறாங்க. ஆனா உயிர் போற விஷயத்துல யாரும் பண்ணமாட்டாங்க மேடம். அது நம்ம அறையே இல்லை. முன்னாடி வந்தவனோட துணி அங்கேயே கிடக்கும், பின்னாடி வர்றவன் அதை எடுத்து மாட்டிக்குவான்.”

“சரிம்மா. ஏதாவது சாப்பிடு. அஞ்சு மணிக்குள்ள நான் போன் பண்ணுவேன். அதுவரைக்கும் பேனாவைத் தொடாதே.”

படியிறங்கினோம். எனக்கு வாய் சும்மா இருக்காது. “மேடம், ‘வண்டி கிளம்பிடுச்சு’ன்னு புரோகிராம் சொன்னது பொய்யா?”

“எதுக்குப் பொய் சொல்லணும்? அதுக்கு என்ன லாபம்? லாபம் இல்லாம யாரும் பொய் சொல்றதில்லைன்னு நீங்கதானே சொல்வீங்க. அது உண்மையைத்தான் சொல்லியிருக்கு. வண்டி கிளம்பிச்சு. எங்க போச்சுங்கறதுதான் கேள்வி.”

லக்கெரெ ரிங் ரோடு மேம்பாலத்துக்குக் கீழே சஞ்சீவ வாகினி ஆம்புலன்ஸ் ஒன்று எப்போதும் நிற்கும். ருத்ரேஷின் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். டிரைவர் போரேகௌடா முன்சீட்டில் கால் நீட்டிக்கொண்டு கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கம்பெனில யார்கிட்டேயும் பேசக்கூடாதுன்னு மெசேஜ் வந்திருக்கு சாமி. போய் வாங்க.”

இங்கே மேடத்துக்கு வேலை இல்லை, எனக்குத்தான். நான் பக்கத்துக் கடையில் ஒரு பை-டூ காபி சொல்லி, பாதியை அவர் கையில் வைத்தேன். “பேசவேண்டாம் கௌட்ரே. காபிதானே. அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்கன்னுகூடக் கேக்கமாட்டேன்.”

“எங்க இருந்தேனா? இங்கேதான் இருந்தேன்” என்றார் உடனே. கேட்கமாட்டேன் என்று சொன்னால் சொல்லிவிடுகிற ரகம். எங்கள் கடைக்கு வரும் பாதிப் பேர் அப்படித்தான். “இதே இடம், இதே சீட். எனக்குக் கூப்பாடு வந்திருந்தா இஞ்சின் சூடாகறதுக்குள்ள அந்த வீட்டு வாசல்ல நின்னிருப்பேன். மறுநாள் அந்தம்மாவைத் தூக்கிட்டுப் போனதும் இந்த வழியாத்தான். வண்டியைப் பின்னாடி எடுத்து வழி விட்டேன்.” காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அதன்பிறகு அதைத் தொடவில்லை.

மேடம் மெல்லக் கேட்டார். “அன்னைக்கு உங்க ஆளுங்கள்ல யாராவது சும்மா போய்ட்டுத் திரும்பி வந்தாங்களா? ‘யாரும் கூப்பிடலை போ’ன்னு விரட்டின மாதிரி?”

“அது தினமும் நடக்கறதுதானே மேடம். விளையாட்டுக்கு அமுக்கறவன், குடிச்சுட்டு அமுக்கறவன்... பொய்க் கூப்பாடுன்னு ஒரு பட்டன் இருக்கு, அமுக்கிட்டு வந்துடுவோம்.” அவர் சட்டென்று நிறுத்தினார். “எங்க இன்னொரு டிரைவர் யூனுஸ் அன்னைக்கு குரூப்ல ஒரே வசவு. இருங்க.”

போனைத் தேய்த்து, டிரைவர்கள் குழுவில் வந்திருந்த ஒரு குரல் பதிவைத் தட்டினார். அலுத்துப்போன, கரகரப்பான குரல்.

“கனகபுரா ரோட்டு ஆரண்ய ரெசிடென்சிக்கு இனிமே யாரும் போகாதீங்கப்பா. சைரன் அடிச்சுட்டு, சிக்னல் எல்லாம் தாண்டி உயிரைக் கொடுத்துட்டுப் போறேன், கேட்ல நிறுத்திட்டான். மேல கேக்கணுமாம். கறிவேப்பிலை கொண்டுவர்றவனுக்கும் கேக்கணும், ஆம்புலன்ஸுக்கும் கேக்கணும். கேட்டான். வேண்டாம்னு வந்துச்சு. போன் போட்டா எடுக்கலை. சாவுக்குப் போறப்பவாச்சும் இந்தப் பெரிய மனுஷங்க கேட்டைத் திறப்பாங்களா, இல்ல யமனையும் ரெஜிஸ்டர்ல எழுதிட்டு வரச்சொல்வாங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. மேடம் அந்தப் பதிவு வந்த நேரத்தைப் பார்த்தார். பாக்யாவுக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்த நேரம்.

“லக்கெரெல கூப்பிட்டாங்க, ஊரோட இந்தக் கோடியில. வண்டி போனது கனகபுரா ரோடு, அந்தக் கோடி” என்றேன். “மேடம், முன்னாடி வந்தவனோட துணி.”

“அதேதான் ஷெட்ரே. கனகபுரா ரோட்டுல யாரோ ஒருத்தரோட முகவரி அந்த அறையில கிடந்திருக்கு. ருத்ரேஷோட அழைப்பு உள்ளே போனதும் அதை எடுத்து மாட்டிக்கிட்டுது. அது யாரோட துணின்னு பார்க்கணும்.”

காரில் போனால் ஐந்து மணிக்கு நாங்கள் ஏதாவது ஒரு சிக்னலில்தான் இருப்போம். பீண்யாவில் பச்சை லைன் மெட்ரோவைப் பிடித்தோம். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் மேடம் நின்றுகொண்டே வந்தார். மெஜஸ்டிக்கில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

“ஒண்ணு கேக்கட்டுமா?” என்றார் ஜன்னலைப் பார்த்தபடி. “இந்த ஊர்ல கம்ப்யூட்டர் தெரியாத ஆள் எத்தனை பேர் இருப்பாங்க?”

“எங்க அப்பா, நீங்க, நான். எங்க அப்பாகூடப் போன மாசம் க்யூஆர் அட்டை மாட்டிட்டார்.”

“அப்போ ஒருத்தர் கம்ப்யூட்டர் கேஸுக்கு என்னைத் தேடிப் பிடிச்சு வந்தா என்ன அர்த்தம்?”

எனக்கு வாயில் சப்போட்டாவின் ருசி திரும்பி வந்தது.

ஆரண்ய ரெசிடென்சி என்றால் பெயரில்தான் காடு. மரமெல்லாம் சிமெண்டுத் தொட்டியில். கேட்டில் ஹிரேன் என்கிற அஸ்ஸாம்காரக் காவலாளி, கையில் ஒரு டேப். யார் வந்தாலும் அதில் எழுதி அனுப்புவார். வீட்டுக்காரருக்குப் போனில் போய் நிற்கும். பச்சையை அமுக்கினால் அனுமதி, சிவப்பை அமுக்கினால் வேண்டாம். பெங்களூரில் பாதி ஊர் இப்படித்தான் நாள் முழுக்கப் பச்சையும் சிவப்புமாக அமுக்கிக்கொண்டிருக்கிறது. காய்கறி, பார்சல், பிளம்பர், மாமியார்.

ஆம்புலன்ஸ் என்றதும் அவர் முகம் சுருங்கியது.

“மறக்குமா மேடம்? இத்தனை வருஷ வேலைல ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினது அன்னைக்கு ஒரு தடவைதான். எனக்கே மனசு கேக்கலை. அதான் ரெண்டு தடவை அனுப்பினேன்.”

“ரெண்டு தடவையா?”

“முதல் தடவை அனுப்பினதுமே டக்குனு சிவப்பு வந்துடுச்சு. பழக்கத்துல அமுக்கியிருப்பாங்க, பார்சல்னு நெனச்சிருப்பாங்கன்னு தோணுச்சு. ஆம்புலன்ஸாச்சே. அதனால மறுபடி அனுப்பினேன்.”

“இரண்டாவது தடவை?”

“பதிலே வரலை. டிரைவர் திட்டறார், பின்னாடி கார் எல்லாம் ஹார்ன் அடிக்குது. நான் டேபையே பார்த்துட்டு நிக்கறேன். ரொம்ப நேரம். அப்புறம் சிவப்பு வந்துச்சு.”

மேடம் கண்ணை மூடித் திறந்தார். நான் இத்தனை காலம் அவரோடு திரிந்திருக்கிறேன். பிணங்களைப் பார்த்தபோதுகூட அவர் அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

“எந்த வீடு?”

“சி பிளாக் மேல்மாடி. காமத் சார் வீடு. இப்பவும் மேலதான் இருக்கார், வீட்டுலேருந்துதான் வேலை.”

கேட்டுக்கு எதிரே ஒரு தொட்டி விளிம்பில் நான் உட்கார்ந்துவிட்டேன். “கேஸ் கொடுத்த ஆளையே பிடிச்சா, மேடம், நமக்கு ஃபீஸ் யார் கொடுப்பா?” என்று வாய் அதன்பாட்டுக்குச் சொன்னது. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“முதல் சிவப்பு பழக்கம் ஷெட்ரே. அதை நான் மன்னிப்பேன். இரண்டாவது சிவப்பு வர ஏன் அவ்வளவு நேரமாச்சு? அவர் தூங்கலை. கணக்குப் போட்டுட்டிருந்தார்.” மேடம் காவலாளியிடம் திரும்பினார். “ஹிரேன், நாங்க வந்திருக்கோம்னு அனுப்புங்க. பேர் வேண்டாம். வந்திருக்கறது ஆம்புலன்ஸ்னு போடுங்க.”

அவர் எங்களையும் டேபையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தட்டினார்.

பதில் வரவில்லை. பின்னால் ஒரு பார்சல்காரன் வந்து நின்றான். ஒரு ஸ்கூட்டர் வந்தது. மேடம் வாட்சைப் பார்த்தார். ஐந்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி. டேபின் வெளிச்சம் மங்கிற்று, ஹிரேன் தொட்டு எழுப்பினார். அப்புறம் பச்சை வந்தது. ஆனால் நாங்கள் உள்ளே போகவில்லை. சி பிளாக்கின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு காமத்தே வெறுங்காலோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்.

மேடத்தைப் பார்த்ததும் நின்றார். பொய் சொல்லப்போகிறார் என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. தொட்டி விளிம்பில், நான் எழுந்த இடத்தில், உட்கார்ந்தார்.

“எப்படித் தெரிஞ்சுது?”

“யார் பெருக்குவான்னு கேட்டேன். யாரும் பெருக்கறதில்லைன்னு ஸ்பூர்த்தி சொன்னா.”

அவர் தலையாட்டினார். “அவ மணியை நிறுத்தினது எனக்கு வசதியாப் போச்சு. குளிர் தொடக்கத்துக்கு நான் ஒரு மருந்து கண்டுபிடிச்சிருந்தேன். முன்னாடி தேடினதை அறையிலேயே விட்டுட்டு வந்தா அடுத்த ஆளுக்குப் பதில் கண் இமைக்கறதுக்குள்ள போகும். அதை நிஜ அறையிலேயே ஓட்டிப் பார்த்தேன். என் முகவரியையும் நம்பரையும் போட்டு, வண்டி கிளம்பாத மாதிரி ஒரு சோதனை அழைப்பு கொடுத்தேன். பிரமாதமா வேலை செஞ்சுது. காபி போடப் போனேன். கேட்லேருந்து ஏதோ வந்துச்சு, பார்க்காமலே சிவப்பை அமுக்கினேன்.”

“மறுபடி வந்துச்சு.”

“மறுபடி வந்துச்சு. ஆம்புலன்ஸ்னு படிச்சேன். அப்போ புரிஞ்சுது.” உள்ளங்கைகளை முழங்காலில் தேய்த்தார். “யாரோ எங்கேயோ கூப்பிட்டிருக்காங்க. அவங்களோட வண்டி என் வாசல்ல நிக்குது.”

“வண்டியை அங்கே அனுப்பியிருக்கலாம்.”

“அனுப்பியிருக்கலாம். ஏன் இங்க வந்துச்சுன்னு கேள்வி வரும். சோதிக்காததை நிஜத்துல ஓட்டினேன்னு தெரியும். அடுத்த வாரம் அந்த மருந்தைப் பத்தி மேடையில பேசவேண்டியவன் நான். கூப்பிட்டவங்க வண்டி வரலைன்னா மறுபடி கூப்பிடுவாங்கன்னு நெனச்சேன். அதுக்குள்ள அறையைத் துடைச்சுடலாம்னு. துடைச்சும் விட்டேன். சுத்தமா வெச்சுட்டுக் காத்துட்டிருந்தேன். மறுபடி அழைப்பே வரலை.”

“எப்படி வரும்?” என்றார் மேடம். “வண்டி கிளம்பிடுச்சுன்னு நீங்கதான் சொல்லிட்டீங்களே. அந்த ஆள் எதிர்ல நின்ன ஆட்டோவை வேண்டாம்னுட்டு வாசலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தான்.”

ஆட்டோ விஷயம் காமத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

மேடம் போனை எடுத்து ஸ்பூர்த்திக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவர் முன்னால் நீட்டினார். ஸ்டேஷன் இரைச்சல் கேட்டது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

“மேடம், நேரமாயிடுச்சு. இன்ஸ்பெக்டர் சார் பேப்பரை வெச்சுட்டுக் காத்துட்டிருக்கார்.”

“காமத் பேசறார்மா. கேளு.”

“ஸ்பூர்த்தி” என்றார் அவர். “அது தூங்கலை.”

அவள் குரல் வந்தது. காலையில் பாடம் ஒப்பித்த குரல் இல்லை, வேலை தெரிந்தவளின் குரல். “யார் எழுப்பினது?”

“நான்.”

“அறையில யாரோட முகவரி இருந்துச்சு?”

“என்னோடது.”

இரண்டே கேள்விதான். எங்களுக்கு ஒரு நாள் முழுக்க ஆன வழியை அவள் ஒரு மூச்சில் நடந்துவிட்டாள். அதையும் தாண்டி, எங்கள் யாருக்கும் தோன்றாத ஓர் இடத்துக்குப் போய் நின்றாள்.

“அப்படின்னா அது தூங்கியிருந்தா...” என்றாள் நிதானமாக. “நான் நிறுத்தின மாதிரியே நிஜமாவே தூங்கியிருந்தா, புது அறை திறந்திருப்பாங்க. காலி அறை. எழுந்திருக்கப் பத்து நொடி ஆகியிருக்கும். அப்புறம் லக்கெரெ வண்டி லக்கெரெக்கே போயிருக்கும்.”

காமத் போனிலிருந்து முகத்தை விலக்கினார்.

“சொல்லுங்க சார். போயிருக்குமா இல்லையா?”

“போயிருக்கும்.”

தூரத்தில் இன்ஸ்பெக்டரின் குரல் கேட்டது. “என்னம்மா, கையெழுத்துப் போடறீங்களா?”

“இல்லை சார்” என்றாள் ஸ்பூர்த்தி. “இது என்னோடது இல்லை.” அதைச் சொன்ன பிறகுதான் அழத் தொடங்கினாள். மேடம் போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப்போய், இன்ஸ்பெக்டரிடம் கொடுக்கச் சொல்லி, எங்கே வரவேண்டும் என்று அவருக்குச் சொன்னார்.

ஹிரேன் தயங்கித் தயங்கி என் பக்கத்தில் வந்தார். டேபைக் காட்டினார். சி பிளாக், ஆம்புலன்ஸ், உள்ளே இருக்கிறது என்று அதில் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

“சார், வண்டியே வரலையே. வெளியே போச்சுன்னு எப்போ போடறது?”

என் பையில் எப்போதும் ஒரு நக்கல் இருக்கும். அன்று தேடிப்பார்த்தேன், இல்லை. மேடம்தான் பதில் சொன்னார், தொட்டி விளிம்பில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தபடி.

“ஜீப் வரும். இவரை ஏத்திட்டுப் போறப்போ போடுங்க.”